புதிய கேமரா எப்போது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2019-இல் வாங்கிய கேனன் 1500டி கேமராவும், அதனுடன் சேர்த்துக் கொடுத்த 18-55, 55-250 லென்ஸ்களும் என்னிடம் இருக்கின்றன. என் மகள் பரதநாட்டியம் பயில்கிறாள். மேடையில் அவளை எடுக்கும் படங்களில் கைகால்கள் கலங்கிவிடுகின்றன. படம் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறினால்தான் இது தீரும் என்று கடைக்காரர் சொல்கிறார். மாறலாமா? படம் ஒன்றை இணைத்துள்ளேன்.
— பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: நீங்கள் அனுப்பிய கோப்பிலேயே அந்தப் படம் எடுக்கப்பட்ட விதம் பதிவாகியிருக்கிறது: லென்ஸின் நீளம் 200 மி.மீ., திறப்பு எஃப்/5.6 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/60 நொடி, ஐஎஸ்ஓ எனும் உணர்திறன் 6400 (இது ஏற ஏறப் புள்ளிகள் பெருகும்). இத்துடன் படத்தையும் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். மகளின் நெற்றிச்சுட்டியும் கன்னமும் ஒன்றோடொன்று கரைந்து வெள்ளையாக இருக்க, பின்னால் தொங்கும் கருப்புத் திரையின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. திரையின் கருமையைக் கண்டு, காட்சியே இருட்டானது என்று கேமரா கணக்கிட்டுவிட்டது. அதனால் தேவைக்கு மேல் ஏறத்தாழ இரு மடங்கு ஒளியை உள்ளே விட்டிருக்கிறது. ஆகவே, ஒரு ரூபாயும் செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் திருத்தம், மேடை நிகழ்ச்சிகளில் எம் (மேனுவல்) நிலைக்கு மாறி, முகத்தின் வெளிச்சத்தைப் பார்த்து நீங்களே அளவை வைப்பதுதான். இதே அரங்கில், இதே லென்ஸில், 1/60 நொடி வைத்த இடத்தில் 1/125 வைத்திருக்கலாம்.

1/125 நொடி துரிதமான அடவுக்குப் போதாது. ஆனால் ஜதி முடியும் தீர்மானத்தில் ஆடுபவர் ஒரு கணம் நிலைத்து நிற்பார்; அபிநயப் பகுதிகளில் கையும் கண்ணும் மெதுவாகவே நகரும். நட்டுவாங்கத்தைக் கேட்டுப் பழகிய தாய்க்கு அந்தக் கணம் எப்போது வரும் என்பது கடைக்காரரைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

அடவுகளின் வேகமும் கலங்காமல் பதிய வேண்டுமென்றால் 1/250 நொடிக்குக் குறையக் கூடாது, 1/500 இருந்தால் நல்லது. அதற்கான கூடுதல் ஒளி எங்கிருந்து வரும் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் பதியவைக்கும் தகடு, உங்களுடையதைவிடப் பரப்பில் சுமார் இரண்டரை மடங்கு பெரியது. அதே எஃப் எண்ணில் கிடைக்கக்கூடிய ஆதாயத்தின் எல்லையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஆதாயத்திலும் ஒரு பகுதியை மறுபுறம் இழக்க நேரிடும். இப்போது 200 மி.மீ. லென்ஸ் காட்டும் நெருக்கத்தை ஃபுல் ஃபிரேமில் பெற 320 மி.மீ. வேண்டும், உங்களிடமுள்ள இரண்டு லென்ஸ்களும் சிறிய சென்சாருக்கென்று செய்யப்பட்டவை என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டிவரும். லென்ஸின் கணக்கோ வேறு. எஃப்/5.6-இலிருந்து எஃப்/2.8-க்குப் போனால் 4 மடங்கு ஒளி கிடைக்கிறது. எஃப்/2-க்குப் போனால் 8 மடங்கு.

ஆகவே 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்கி, முன் வரிசைகளில் இடம் பிடியுங்கள். அதை எஃப்/2-இல் வைத்தால், இதே அரங்கில் 1/250 நொடியும் ஐஎஸ்ஓ 1600-உம் போதும். நீங்கள் சொல்லும் புள்ளிகள் பெருமளவு அடங்கிவிடும். உங்கள் கேமராவில் உள்ள 9 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியே நம்பகமானது, ஆகவே அதை மட்டும் தேர்ந்து முகத்தில் வையுங்கள். பின் வரிசையிலிருந்துதான் எடுக்க முடியும் என்றால், 70-200 எஃப்/2.8 லென்ஸை விழா நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது மேல். அது சொந்தமாக வாங்கக் கனமான பொருள், எடையிலும் விலையிலும்.

இவ்வளவு செய்த பிறகும், வெளிச்சம் போதுமானதாக இருந்தும், முகத்துக்குப் பதிலாகத் திரையில் ஃபோகஸ் விழுந்து படங்கள் வீணாகின்றன என்று கண்டால், அப்போது பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மாற்றுங்கள். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) கேமராக்கள் அந்த ஒரு வேலையில் உங்கள் 1500டி-யைவிட வெகுதூரம் முன்னே போய்விட்டன. கேனனின் புதிய ஆர்எஃப் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்), அடாப்டர் வழியாக, பழைய இஎஃப் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸுடன் அப்படியே இயங்கும் என்பதால், இன்று 85 மி.மீ. லென்ஸில் போடும் பணம் அன்றும் உங்களுடன் வரும்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. கைப்பேசியில் எடுப்பது போதுமா, நல்ல கேமரா ஒன்று வாங்கிவிடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்குப் போதும். ஜன்னலோரம் பாயில் தவழும் குழந்தைக்குக் கைப்பேசி குறைவைக்காது. அது எப்போதும் கையில் இருக்கிறது என்பதே பெரிய வசதி. குழந்தை ஓடத் தொடங்கி, மாலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் தொடர்ந்து கலங்கி வரும்போது மறுபடி யோசியுங்கள். மிகப் பெரிய சென்சார் கொண்ட கைப்பேசிகளிலும் இருப்பது 'ஒரு அங்குல' வகைதான்; சாதாரண மிரர்லெஸ் கேமராவின் ஏபிஎஸ்-சி சென்சார் பரப்பில் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். அந்த வேறுபாடு வீட்டுக்குள், ஓட்டத்தில்தான் தெரியும். அதுவரை, எடுத்த படங்களை வேறொரு டிஸ்கில் பிரதியெடுத்து வைப்பதற்கு அந்தப் பணத்தில் சிறு பகுதியைச் செலவிடுங்கள்.

கேள்வி: திருமணப் புகைப்படத் தொழில் செய்கிறேன். நிக்கான் டி750 ஒன்றும், 24-70 ஜி, 85 டி, 50 டி லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். ஷட்டர் இயங்கிய எண்ணிக்கை 1,80,000 தாண்டிவிட்டது. ஊரில் எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள்; பெண் வீட்டார்கூட 'என்ன கேமரா?' என்று கேட்கிறார்கள். மாறுவதென்றால் எதை, எப்போது?
— ஸ்டுடியோ உரிமையாளர், கும்பகோணம்

பதில்: பொழுதுபோக்காளருக்குச் சொல்லும் பதிலை உங்களுக்குச் சொல்ல முடியாது. பொழுதுபோக்காளரின் கேமரா நின்றுபோனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும். உங்களுடையது மாங்கல்யதாரணத்தின்போது நின்றால் அந்தக் காட்சியை யாராலும் திருப்பித் தர முடியாது. டி750-க்கு நிக்கான் சொன்ன 1,50,000 என்பது சோதனைச் சாலையில் நிறுவிய ஓர் அளவு. அதைத் தாண்டிய ஷட்டர் நாளையே நின்றுவிடும் என்று பொருளில்லை, ஆண்டுக்கணக்கில் ஓடவும் கூடும். ஆனால் அந்த எண்ணைக் கடந்த ஒரே பாடியை மட்டும் நம்பி முகூர்த்தத்துக்குப் போவது சரியன்று. நீங்கள் எழுதியதிலிருந்து உங்களிடம் இரண்டாவது பாடி இல்லை என்று தெரிகிறது. மிரர்லெஸ்ஸா இல்லையா என்ற கேள்விக்கு முன்பே, இந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் இன்னொரு கேமரா வாங்கத்தான் வேண்டும்.

இனி எதை என்பது. இன்று வாங்கும் இரண்டாவது பாடி மிரர்லெஸ்ஸாக இருப்பதே முறை. நிக்கான் 1959-இலிருந்து பேணிவந்த எஃப் மவுண்டை விட்டு 2018-இல் இசட் மவுண்டுக்கு வந்தது. அதன் புதிய லென்ஸ்களும் புதிய வசதிகளும் இப்போது அந்தப் பக்கமே வருகின்றன. ஆனால் லென்ஸ்களைப் பற்றிக் கடையில் சொல்லாமல் விடக்கூடிய ஒன்று உண்டு. பழைய எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் உங்கள் 24-70 ஜி ஆட்டோஃபோகஸுடன் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது. 85 டி-யும் 50 டி-யும் அப்படியல்ல. டி750-இன் உள்ளே இருக்கும் மோட்டார்தான் ஒரு சிறு திருகாணி வழியாக அவற்றைச் சுழற்றுகிறது. எஃப்டிஇசட் அடாப்டர்களில் அந்த மோட்டார் இல்லை. எனவே அவை இரண்டும் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களாக மாறிவிடும். பட்ஜெட் போடும்போது பாடியின் விலையோடு, இசட் மவுண்டில் ஒரு 50 அல்லது 85-இன் விலையையும் சேர்த்தே போடுங்கள்.

மெகாபிக்சலுக்காக மேலே போக வேண்டாம். வாடிக்கையாளர் கேட்கும் 12-க்கு 36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற லேப் கணக்கில் அதற்கு 5400-க்கு 3600 பிக்சல் போதும். உங்கள் டி750 இப்போதே 6016-க்கு 4016 தருகிறது. 45 மெகாபிக்சலுக்குப் போனால் கார்டு, ஹார்ட் டிஸ்க், ஆல்பம் வடிவமைக்கும் கணினி எல்லாவற்றுக்கும் செலவு ஏறும். ஆல்பத்தைப் புரட்டும் மாமாவுக்கு வேறுபாடு தெரியாது. நீங்கள் விடக் கூடாதது இரண்டு கார்டு போடும் வசதி. நிக்கான் 2018-இல் இசட்6-ஐ ஒரே கார்டு இடத்துடன் விட்டபோது திருமணக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 2020-இல் வந்த இசட்6 II-இல் இரண்டு வைத்தார்கள். பழைய விலையில் முதல் இசட்6 கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். 2025-இல் வந்த இசட்5 II-இல் 24 மெகாபிக்சலும் இரண்டு எஸ்டி கார்டு இடங்களும் இருக்கின்றன. உங்கள் வேலைக்கு அதற்கு மேல் அவசியம் என்று நான் கருதவில்லை.

மண்டபத்தில் ஓர் எச்சரிக்கை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் மந்திரம் ஓதும் நேரத்தில் அருமையான வசதிதான். ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டரில் அது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் இது பெரும்பாலும் மறையும். இல்லையேல் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைத்திருந்தால் அதன் மினுங்கல் வேகம் வேறு. வரவேற்பு தொடங்குமுன் இரண்டு படம் எடுத்துச் சோதித்துவிடுவது நல்லது.

எப்போது என்ற கேள்விக்கு உங்கள் தொழிலிலேயே விடை இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதத் தொடக்கத்தில் வாங்கினால், பொத்தான்களின் இடம் விரலுக்குப் பழகி, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தெரிந்து, ஆவணி அல்லது தை முகூர்த்தத்துக்குள் கை தயாராகிவிடும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் முறையான பில்லுடன் வாங்குங்கள். கேமராவுக்கான வரி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது, தொழிலுக்கு வாங்கும் கருவி என்பதால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக நீங்கள் எடுத்துக்கொள்ளவும் முடியும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் சரக்கில் இந்த வரவும் இல்லை, வாரண்டியும் இல்லை. டி750-ஐ விற்றுவிடாதீர்கள்; 85 டி-யைப் போட்டு இரண்டாவது தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டார் கேட்பதைப் பற்றி: கேமராவின் பெயரைச் சொல்வதைவிட, போன மாதம் முடித்த ஆல்பத்தை எடுத்துக் காட்டுவது விரைவில் வேலை செய்யும்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன். நிக்கான் டி5600, 70-300 லென்ஸ் வைத்து வேடந்தாங்கலில் பறவைகளை எடுக்கிறேன். பெரிதாக்கினால் இறகு தெரிவதில்லை. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார்.
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: நண்பர் சொன்னபடி செய்தால், அதே லென்ஸில், பறவையின் மேல் இப்போது இருப்பதைவிடக் குறைவான பிக்சல்கள்தான் விழும். உங்கள் டி5600 தன் 24 மெகாபிக்சலையும் சிறிய சென்சாரில் நெருக்கி வைத்திருக்கிறது. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்திலிருந்து அதே பரப்பை வெட்டி எடுத்தால் கிடைப்பது சுமார் 19 மெகாபிக்சல். பணத்தைக் கட்டிப் பின்னே போவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பறவை எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றால் லென்ஸின் நீளம்தான் மருந்து. 300 மி.மீ.-இலிருந்து 500-க்குப் போனால் அதே கூழைக்கடா படத்தில் சுமார் 2.8 மடங்குப் பரப்பைப் பிடிக்கும். நிக்கானின் 200-500 எஃப்/5.6 உங்கள் டி5600-இல் முழுமையாக இயங்கும். பின்னாளில் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் அடாப்டரில் ஆட்டோஃபோகஸுடன் இயங்கும். எடை மட்டும் 2.3 கிலோ, வயதைக் கருதி ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

அதற்கும் முன், எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். காலை வெயில் ஏறிய பிறகு ஏரித் தண்ணீருக்கு மேல் சூடான காற்று அலையும்; அந்த அலைவின் ஊடாக நூறு மீட்டர் தள்ளியிருக்கும் நாரையை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில், வெயில் ஏறுமுன் எடுத்த படத்தையும் நண்பகலில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். காலைப் படத்தில் இறகு தெரிந்தால், லென்ஸ்கூட இப்போது அவசரமில்லை. உட்கார்ந்திருக்கும் பறவைகள் திருப்தியாக வந்து, பறக்கும் கரண்டிவாயன் மட்டும் தொடர்ந்து ஃபோகஸ் தவறுகிறது என்ற நிலை வரும்போது, பறவையை அடையாளம் கண்டு பின்தொடரும் மிரர்லெஸ் பாடியைப் பற்றி எழுதுங்கள், பேசலாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகள் பழைய 'டிஜிகேம்' வேண்டும் என்கிறாள். கைப்பேசியே இருக்கும்போது இது என்ன விருப்பம்?
— தந்தை, கோயம்புத்தூர்

பதில்: நேராக அடிக்கும் ஃபிளாஷும், சற்று வெளுத்த முகமும், இருண்ட பின்னணியும் அந்தத் தலைமுறைக்குப் புதுமையாக இருக்கின்றன, தவறில்லை. வாங்குமுன் வீட்டு அலமாரியிலும் உறவினர் வீட்டிலும் தேடுங்கள், நிச்சயம் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். பேட்டரியும் கார்டும்தான் சிக்கல். பிந்தைய எஸ்டிஎச்சி வகையை ஏற்காமல், தொடக்க கால எஸ்டி கார்டை மட்டும் ஏற்கும் மிகப் பழைய மாடல்கள் பொதுவாக 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. சிசிடி (பழைய வகை) சென்சார் என்று சொல்லி யாராவது புதுக் கேமராவின் விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: வாங்க முடிவு செய்துவிட்டேன். ஆனால் அடுத்த மாடல் வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். காத்திருக்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: நிக்கான் இசட்6 2018-இல் வந்தது; அடுத்தது 2020-இல், அதற்கடுத்தது 2024-இல். சோனி ஏ7 III 2018-இல் வந்தது, ஏ7 IV 2021-இல். கேனன் ஆர்6 2020-இல், அதன் இரண்டாம் மாடல் 2022-இல். இரண்டு ஆண்டும் ஆகலாம், நான்கும் ஆகலாம். பேச்சை நம்பிக் காத்திருப்பவர் ஒரு பொங்கலையும் தங்கையின் நிச்சயதார்த்தத்தையும் கைப்பேசியில் எடுத்திருப்பார். எடுக்க வேண்டிய நிகழ்ச்சி சில மாதங்களுக்குள் இருந்தால் இப்போதே வாங்குங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் காத்திருங்கள், ஆனால் புதிய மாடலை வாங்குவதற்காகக் காத்திருக்க வேண்டாம். அது வந்த பிறகு பழைய மாடலின் விலை இறங்கும், அப்போது அதை வாங்குங்கள். ஏ7 IV வந்த பிறகும் ஏ7 III ஆண்டுக்கணக்கில் விற்பனையில் இருந்தது.

ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் புதிய மாடலுக்கு ஏங்குமுன் ஃபர்ம்வேர் எனும் கேமராவின் உள் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இசட்6 வாங்கியவர்களுக்கு 2019 மே மாதம் கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸும், 2020-இல் விலங்குகளின் கண்ணைப் பிடிக்கும் வசதியும் இலவசமாகவே வந்தன. அதைப் போட்டுக்கொள்ளாமலே 'ஃபோகஸ் சரியில்லை' என்று கேமராவை விற்றவர்களும் உண்டு.

கேள்வி: பழைய கேமரா வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— வாசகர், சென்னை

பதில்: முதலில் லென்ஸைப் பாருங்கள், ஏனென்றால் கடலோர ஈரக்காற்றில் பாடியைவிட லென்ஸே விரைவில் கெடுகிறது. முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, கைப்பேசியின் டார்ச்சைப் பின்புறமிருந்து சாய்வாக அடித்து உள்ளே நோக்குங்கள். சிலந்தி நூல் போல் கிளை விட்ட வெண்மை தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஓரிரு தூசிகள் இருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

பாடியில், வெள்ளைச் சுவரை எஃப்/16-இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள தூசியும் கீறலும் கருநிழலாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறலை ஒன்றும் செய்ய முடியாது. மூடியை மாட்டியபடி சில நொடிகள் திறந்துவைத்து ஒரு படம் எடுங்கள். ஒளிரும் புள்ளிகள் நிறைய வந்தால் விலை பேசக் காரணம் கிடைத்தது. பேட்டரி அறையின் தகடுகளில் பச்சைக் கறை இருந்தால் அந்தக் கேமரா எப்போதோ தண்ணீரைப் பார்த்திருக்கிறது. அடிப்பக்கத் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால், சர்வீஸ் சென்டருக்கு வெளியே யாரோ திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஷட்டர் எண்ணிக்கையை விற்பவர் வாயால் கேட்க வேண்டாம். நிக்கானில், எடுத்த ஜேபெக் கோப்பிலேயே அந்த எண் பதிவாகிறது. அங்கேயே ஒரு படம் எடுத்துக் கைப்பேசிக்கு மாற்றிப் பார்த்துவிடலாம். கேனனில் பொதுவாகப் படக் கோப்பில் அது இருக்காது, கேபிள் வழியாகக் கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக, பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பில்லே இல்லை, தொலைந்துவிட்டது என்று சொல்பவரிடம், சீரியல் எண் அச்சிட்ட அட்டைப்பெட்டியாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு கேமரா பாருங்கள்.